சென்னை - திருச்சி ஒரு மணி நேரமாம்!

மீனம்பாக்கத்திலிருந்து திருச்சி விமான நிலையம் எவ்வளவு தூரம் என்று இணையத்தில் தேடினால், 290 கிலோமீட்டர் சொச்சம், பறக்கும் நேரம் ஒரு மணிக்குள் என்று பளிச்சென்று விடை வரும். அதைப் பார்த்துவிட்டு, "இன்னமும் ரயில்லயா போறீங்க?" என்று இளக்காரமாகக் கேட்கிற கூட்டம் ஒன்று உண்டு. தாம்பரத்துக்காரர்களாவது இதில் ஏமாறாமல் இருக்க வேண்டும்.

அந்த 290, வரைபடத்தில் நூல் பிடித்து அளந்த தூரம். விமானம் நூல் பிடித்துப் போவதில்லை. ஓடுபாதை எந்தத் திசையோ அந்தத் திசையில் கிளம்பித் திரும்பும். இறங்கும்போதும் வளைந்துதான் வரும். நேரக் கணக்கோ, பல இடங்களில் ஜெட் வேகத்தால் வகுத்துப் போட்டது. இந்த மாதிரி குறுந்தடத்தில் ஓடும் ஏடிஆர் விமானம் மணிக்கு 500 கிலோமீட்டர் போனாலே பெரிய விஷயம். அட்டவணையில் போடும் ஒரு மணி நேரமும் விமானம் நகரத் தொடங்கியதிலிருந்து போய் நிற்கிற வரைக்கும்தான். உங்கள் வீட்டு வாசலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

வாசலிலிருந்து கூட்டிப் பாருங்கள். சேலையூரிலோ முடிச்சூரிலோ கிளம்பி, ஜிஎஸ்டி ரோட்டில் குரோம்பேட்டை, பல்லாவரம் தாண்ட முக்கால் மணி. (மின்சார ரயிலில் திரிசூலம் நாலாவது ஸ்டேஷன்தான். காலை நெரிசலில் பெட்டியோடு ஏறிப் பாருங்கள், தெரியும்!) 2 மணி நேரம் முன்னால் வரச் சொல்கிறார்கள். பறக்க 1 மணி. பெட்டியை எடுத்துக்கொண்டு திருச்சி ஜங்ஷன் பக்கம் போக இன்னொரு முக்கால். ஆக மொத்தம் நாலரை.

ரயில்? எழும்பூர் - திருச்சி 337 கிலோமீட்டர். அதில் 25 தாம்பரத்துக்கு முன்னாலேயே கழிந்துவிடுகிறது. 2023 செப்டம்பரில் தொடங்கிய நெல்லை வந்தே பாரத் தாம்பரத்தில் ஏற்றிக்கொண்டு சுமார் மூன்றரை மணியில் திருச்சியில் இறக்கிவிடுகிறது. வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு அரை மணி சேர்த்தாலும் நாலுதான். வைகையில் கொஞ்சம் கூட ஆகும், காசு ரொம்பக் குறையும்.

வெளிநாட்டிலிருந்து வந்து மீனம்பாக்கத்திலேயே விமானம் மாறுகிறவர் கதை வேறு. ராத்திரி முழுக்க ரயிலில் போக வேண்டிய தூத்துக்குடியும் வேறு. "டிக்கெட் கிடைக்கலையே" என்பதும் நியாயமான புலம்பல்தான். அதற்கு, தாம்பரத்திலிருந்து இன்னொரு பகல் ரயில் கேட்டுச் சண்டை போட வேண்டும்.

ஏனென்றால் இது வெறும் சொந்த வசதிக் கணக்கு இல்லை. 70 சொச்சம் பேர் போகும் ஏடிஆருக்கும், 180 பேர் போகும் ஏர்பஸ்ஸுக்கும் ஓடுபாதையைக் காலி பண்ணித்தான் தர வேண்டும். மீனம்பாக்கத்திலோ இரண்டு ஓடுபாதைகளும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன. இடம் போதவில்லை என்றுதான் 2022 ஆகஸ்டில் பரந்தூரை அறிவித்தார்கள். 5,000 ஏக்கருக்கு மேல், வயலும் ஏரியுமாக. ஏகனாபுரம் மக்கள் அந்த வருடமே போராட உட்கார்ந்தார்கள். ரயிலை விட அரை மணி தாமதமாகப் போய்ச் சேர்க்கும் விமானத்துக்கும் சேர்த்தா அவர்கள் ஏரியைக் கொடுக்க வேண்டும்?

தாம்பரத்திலிருந்து பரந்தூர் நேர்கோட்டிலேயே 40 கிலோமீட்டர் இருக்கும், சாலையில் இன்னும் அதிகம். மீனம்பாக்கமும் தொடரும் என்கிறது அரசு. சரி, திருச்சி விமானத்தை மட்டும் அங்கே மாற்றிவிட்டால்? நீங்கள் பரந்தூர் போய்ச் சேர்ந்து, காத்திருந்து, விமானத்தில் ஏறி பெல்ட் போடுவதற்குள் வந்தே பாரத் திருச்சியை நெருங்கியிருக்கும்.