17 வருசப் ‘பொறுப்பு’

நியூயார்க்கின் லிங்கன் மருத்துவமனை பற்றி நம்ம இதழில் எதற்குத் தலையங்கம் என்று தோழர்கள் கேட்கலாம். ‘பொறுப்பு’ என்கிற ஒரு சொல்லுக்காகத்தான் எழுதுகிறேன். வேலை முழுக்கச் செய்ய வைப்பார்கள், பதவிப் பெயர் மட்டும் தரமாட்டார்கள். இப்படி ஓய்வு பெற்றுப்போன நம்ம ஆட்களை நானே பார்த்திருக்கிறேன்.

1839இல், தெற்கு மாநிலங்களில் அடிமைமுறை நடந்துகொண்டிருந்தபோது, வயதான ஏழைக் கறுப்பர்களுக்காகத் தொடங்கிய இல்லத்தின் வளர்ச்சிதான் அந்த மருத்துவமனை. 1898இல் கறுப்பினப் பெண்களுக்கென்று அங்கே செவிலியர் பள்ளி வந்தது. மற்ற பள்ளிகள் பெரும்பாலும் கதவைச் சாத்தியிருந்த காலம், அதனால் பெரிய விசயம்தான். ஆனால் நிர்வாகம் வெள்ளை, டாக்டர்கள் வெள்ளை. பிராங்சுக்கு இடம் மாறியபின் நோயாளிகளிலும் பெரும்பாலோர் வெள்ளையர். பீத்துணி மாற்றவும் சீழ் துடைக்கவும் மட்டும் கறுப்புக் கை தீட்டில்லை! இந்தக் கணக்கை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அடா பெல் தாம்ஸ் 1905இல் அங்கே படித்து முடித்தார். 1906 முதல் 1923 வரை பள்ளியை நடத்தியவர் அவர்தான். இயக்குநர் என்ற பெயரைக் கடைசிவரை தரவில்லை; கறுப்புப் பெண் என்பதால் ‘பொறுப்பு’ இயக்குநர்.

அவர் சும்மா இருக்கவில்லை. 1908இல் மார்த்தா பிராங்க்ளின் முன்முயற்சியில் கறுப்பினச் செவிலியர் சங்கம் உருவானபோது, 52 பேர் கூடிய முதல் கூட்டத்துக்கு இடம் கொடுத்தது லிங்கன் பள்ளியின் பழைய மாணவிகள். முதல் உலகப் போரில் செஞ்சிலுவைச் சங்கம் கறுப்பினச் செவிலியரைத் தட்டிக்கழித்தது. தாம்ஸ் விடாமல் மல்லுக்கட்டினார். 1918 டிசம்பரில் 18 பேரை ராணுவம் எடுத்தது. அதுவும் எப்போ? போர் முடிந்தபிறகு, விஷக்காய்ச்சலில் ஆட்கள் செத்துக்கொண்டிருந்தபோது!

1925இல் மருத்துவமனை மாநகராட்சி கைக்குப் போனது. 1961இல் பள்ளி மூடப்பட்டது. சுற்றிலும் குடியிருந்த போர்ட்டோரிக்கர்களும் கறுப்பர்களும் அந்த ஆஸ்பத்திரியைக் ‘கசாப்புக் கடை’ என்றே சொன்னார்கள். 1970 ஜூலை 14 விடியலில் ‘யங் லார்ட்ஸ்’ இளைஞர்கள் உள்ளே புகுந்து கைப்பற்றினார்கள். நிர்வாகத்தில் மக்களுக்கும் ஊழியர்களுக்கும் அதிகாரம் கேட்டார்கள். புதுக் கட்டடம் 1976இல் திறந்தது.

தாம்ஸ் 1929இல் கறுப்பினச் செவிலியர் வரலாற்றைத் தனி நூலாக எழுதினார். தமிழாக்கம் செய்ய மாணவத் தோழர்கள் யாராவது வந்தால் இதழில் பக்கம் ஒதுக்கத் தயார்.