திரையில் நாம் பேசும் தமிழ்

"ஆலிமுக்கும் திரைப்படத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். ஒரு காலத்தில் அந்தக் கேள்விக்கு இடமே இருந்ததில்லை. படம் கொட்டகையில் ஓடிற்று. நாம் வீட்டில் இருந்தோம். 1975இல் சென்னையில் தொலைக்காட்சி நிலையம் வந்தது. 1993இல் தனியார் தமிழ் அலைவரிசை வந்தது. இன்று கைப்பேசிக்குள்ளேயே முழுப்படமும் ஓடுகிறது. கொட்டகைதான் நம் வீட்டுக் கூடத்துக்குக் குடிவந்துவிட்டது. பிள்ளைகள் பார்க்கிறார்கள், கூடத்தில் அமர்ந்திருக்கும் நாமும் பார்க்கிறோம். பார்த்துக்கொண்டே பார்க்காதவர்போல் உபதேசம் செய்வதைவிட, பார்த்தவற்றைக் குறித்து ஒளிவு மறைவின்றிப் பேசுவது மேல் என்று கருதுகிறோம்.

நம்மவர் வழக்கமாகச் சொல்லும் குறை ஒன்றுண்டு: "திரையில் நம்மைத் தீவிரவாதியாகக் காட்டுகிறார்கள்." அது பொய்யல்ல. 1992இல் வந்த 'ரோஜா'வில் தேசக்கொடி எரிவதையும் ஒருவன் அமைதியாகத் தொழுவதையும் மாற்றி மாற்றிக் காட்டியது தற்செயலாக நிகழ்ந்ததன்று. 2012இன் 'துப்பாக்கி'க்கும் 2013இன் 'விஸ்வரூப'த்துக்கும் எதிர்ப்பு எழுந்ததை நாடறியும். ஆயினும் நமது வழக்கு வேறு. அது இதனினும் பழையது. யாரும் போராட்டம் நடத்தாதது. தமிழ்த்திரை தமிழ் முஸ்லிமைத் தமிழ் பேச விட்டதில்லை என்பதே நமது வழக்கு.

திரைக்கு முஸ்லிம் தேவைப்பட்டால் அவன் எங்கிருந்து வருகிறான் என்று பாருங்கள். தீயவனாயின் காஷ்மீரிலிருந்தோ ஆப்கானிஸ்தானத்திலிருந்தோ வருகிறான். நல்லவனாயின் பெரும்பாலும் பம்பாயிலிருந்து வருகிறான். 'நாயகன்' (1987) வேலுவை வளர்த்துக் காவல் நிலையத்தில் உயிர்விடும் ஹுசைன் பாய் பம்பாய்வாசி. 'பாட்ஷா'வில் (1995) தன் உயிரையும் பெயரையும் கதாநாயகனுக்குத் தந்துவிட்டுப் போகும் அன்வரும் அங்கேதான். 2024இல் வந்த 'லால் சலாம்' படத்தின் மொய்தீன் பாயும் அந்த நகரத்தில்தான் பெரிய மனிதர். தமிழகக் கடலோரச் சிற்றூரில் தொடங்கும் கதைக்கும்கூடப் 'பம்பாய்' என்றே பெயர். 'விஸ்வரூப'த்தில் கதாநாயகனே முஸ்லிம்தான் என்று நமக்குப் பதில் சொன்னார்கள். உண்மை, ஆனால் அவனும் காஷ்மீரி! அறுபத்தைந்து கல் தொலைவுக்குள் பரங்கிப்பேட்டையும் நாகூரும் இருக்க, ஆயிரம் கல் தாண்டிப் போய் ஆள் பிடித்துவருவானேன்?

இவ்வாறு இறக்குமதியானவன் வாய் திறந்தால் வருவது என்ன? "நம்பள்கி, நிம்பள்கி" என்னும் ஒரு பேச்சு. இந்தப் பாஷையை எந்த ஊரில், எந்தத் தெருவில், எந்த முஸ்லிம் பேசுகிறார் என்று நகைச்சுவைக் காட்சிகளை எழுதும் வசனகர்த்தாக்கள் சொல்வார்களா? கண்ணில் சுருமாவும் கழுத்தில் தாயத்தும் ஒப்பனையாளர் இட்டவை என்று விட்டுவிடலாம். மொழியை அப்படி விட்டுவிட முடியாது. ஒருவனுடைய மொழியைப் பறித்தபின், "நீ இந்த ஊர்க்காரன் அல்லன்" என்று தனியாகச் சொல்லவேண்டியதில்லை.

நமது பேச்சு எத்தகையது? நாம் நமாஸ் என்பதில்லை, தொழுகை என்கிறோம். ரோஜா என்பதில்லை, நோன்பு என்கிறோம். நாம் போவது பள்ளிவாசல், கொண்டாடுவது பெருநாள். குழம்பை ஆணம் என்கிறோம். காலைச் சிற்றுண்டியைப் "பசியாறுதல்" என்கிறோம். இதற்கு நிகரான அழகிய சொல்லைப் பிறர் வீடுகளில் நாம் கேட்டதில்லை. வாப்பா, உம்மா, லாத்தா என்றும், ஊருக்கு ஊர் நானா என்றும் காக்கா என்றும் அழைத்துக்கொள்கிறோம். லால்பேட்டையில் ஓதி ஸனது பெற்ற ஆலிம்கள் மிம்பரில் ஏறித் தமிழில்தான் பயான் செய்கிறார்கள். அரபு எழுத்திலும் நம் முன்னோர் எழுதியது தமிழைத்தான். அதற்கே அரபுத்தமிழ் என்று பெயர். ஐயாயிரத்துக்கு மேற்பட்ட விருத்தங்களால் ஆகிய சீறாப்புராணத்தை உமறுப்புலவர் பாடியபோது துணை நின்ற வள்ளல்களுள் ஒருவர் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர். அந்த ஊர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கிறது. அந்த மண்ணின் மக்களுக்குத் தமிழ் வராது என்று காட்டுவது பாவம் மட்டுமன்று, அறியாமையும் ஆகும்.

"தமிழகத்தில் உருது பேசும் முஸ்லிம்கள் இல்லையா?" என்று ஒரு மறுப்பு வரும். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் இருக்கிறார்கள். நமது கடலூரிலும் இருக்கிறார்கள். அவர்கள் நம் உடன்பிறப்புகள். உருது அவர்களுக்குத் தாய்மொழி, ஆகவே மதிப்புக்குரியது. ஆனால் அவர்களும் திரையின் தமிழைப் பேசுவதில்லை. உருதுக் கவிஞர் குடும்பத்தில் பிறந்த கவிக்கோ அப்துல் ரகுமான்தான் 'ஆலாபனை'க்காக 1999இல் தமிழுக்குரிய சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றார்.

"எல்லாச் சாதியாரையும்தானே திரை கேலி செய்கிறது?" என்பது இன்னொரு மறுப்பு. செய்கிறது. ஆனால் மற்றவர்க்குக் கேலி முகத்தோடு வேறு முகங்களும் அங்கே உண்டு. 'மெட்டி ஒலி' தொடர் 2002 முதல் 2005 வரை வந்தது. ஐந்து பெண்மக்களைப் பெற்ற சிதம்பரம் என்னும் தந்தையின் துயரத்தைத் தமிழ்நாடே தன் வீட்டுத் துயரமாகப் பார்த்தது. நாமும் கண் கலங்கினோம். பெண்மக்களைப் பெற்றுவிட்டு, அவர்களைக் கரையேற்ற வளைகுடாவின் வெயிலில் இருபது ஆண்டு உழைத்து, பிள்ளைகள் வளர்ந்ததை நிழற்படத்தில் மட்டும் கண்ட வாப்பாக்கள் இக்கடற்கரை நெடுகிலும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரை நடுவே நிறுத்திய நெடுந்தொடர் ஒன்றை நாம் இதுவரை பார்க்கவில்லை.

செய்ய முடியாத காரியமா இது? அண்டை மாநிலத்தில் செய்திருக்கிறார்கள். 2018இல் வந்த 'சுடானி ஃப்ரம் நைஜீரியா' என்னும் மலையாளப் படத்தில் காலடிபட்டுக் கிடக்கும் ஆப்பிரிக்கக் கால்பந்து வீரனை மலப்புரத்து உம்மாமார் இருவர் பராமரிக்கிறார்கள். அவர்கள் பேசுவது மலபார் மாப்பிள்ளைமாரின் மலையாளம். அதில் ஒரு சொல்கூடக் கேலிக்காக வைக்கப்பட்டதன்று. அந்நியனுக்கும் அவர்களுக்கும் பொதுமொழி இல்லை. ஆயினும் பாசம் விளங்கிவிடுகிறது. எந்த மதத்தாரும் அதைப் பார்த்துத் தம் தாயை நினைப்பர். நம் பக்கத்தில் 2021இன் 'மாநாடு' அப்துல் காலிக் என்னும் இளைஞனைக் கதாநாயகனாக்கி மற்றவரைப் போலவே பேச வைத்தது, அதைப் பாராட்டுகிறோம். எனினும் அவன் எந்த ஊர்ப் பிள்ளை என்பதை அவன் பேச்சிலிருந்து நம்மால் அறிய முடியவில்லை.

குற்றம் அவர்கள் பக்கம் மட்டுமா? நம் சமுதாயத்தாரையும் கேட்கவேண்டியிருக்கிறது. எதிர்ப்பு எழுப்பினோம், காட்சிகளை நீக்கினார்கள், ஒலியை அடக்கினார்கள். உள்ளதைத்தான் வெட்ட முடியும்; இல்லாததை எந்தத் தணிக்கையாலும் சேர்க்க முடியாது. தோப்பில் முஹம்மது மீரான் 'சாய்வு நாற்காலி' எழுதி 1997இல் அகாதெமி விருது பெற்றார். அந்த நாவலை நம் வீடுகளில் எத்தனை பேர் படித்தார்கள்? ஐந்து பருவங்கள் ஓடிய துருக்கியின் 'எர்துகுருல்' தொடரை உருதுக் குரலில் விடிய விடியப் பார்க்கிறார்கள் நம் இளைஞர்கள். அனத்தோலியாவின் கூடாரங்கள் அவர்களுக்கு மனப்பாடம். மரைக்காயர்களின் மரக்கலம் எந்தத் துறையிலிருந்து புறப்பட்டது என்று கேட்டால் விழிக்கிறார்கள். ஆணம் என்று சொல்ல வெட்கப்படும் பிள்ளைகளையும், வாப்பா என்பது பட்டணத்துக்கு ஒவ்வாது என்று மாற்றிக்கொண்ட வீடுகளையும் நாம் கண்கூடாகக் காண்கிறோம். திரை பறித்தது பாதி என்றால், நாம் கைவிட்டது மீதி.

எந்தத் தூதரும் தம் மக்களின் மொழியிலேயே அனுப்பப்பட்டார் என்பது திருமறை உணர்த்தும் செய்தி. மொழியை இழந்த சமுதாயத்தின் நியாயம் எவர் செவியிலும் ஏறாது. ஆதலின் இரு சாராரிடமும் கேட்கிறோம். படமெடுப்போரே, அடுத்த முறை ஒரு முஸ்லிமுக்கு வசனம் எழுதுமுன் பரங்கிப்பேட்டைக்கோ லால்பேட்டைக்கோ வந்து ஒரு மாதம் தங்குங்கள். எங்கள் வீடுகளில் பசியாறுங்கள். காதால் கேட்டதை எழுதுங்கள். புகழ்ந்து எழுதவேண்டும் என்று நாம் கேட்கவில்லை. எங்களில் கஞ்சன் உண்டு, கோபக்காரன் உண்டு, பொய்யனும் உண்டு. அவனையும் தமிழிலேயே பொய் சொல்ல விடுங்கள். நம் இளைஞர்களே, எழுதத் தெரிந்தவர் எழுதுங்கள், படம் பிடிக்கத் தெரிந்தவர் பிடியுங்கள். ஒன்றும் தெரியாதவர், உங்கள் உம்மா பேசும் சொற்களையேனும் உங்கள் பிள்ளைகளுக்கு விட்டுச் செல்லுங்கள்.