காம்பஸுக்கு முதலில் இடம் ஒதுக்குங்கள்

சென்னை, புதுச்சேரிப் பக்கம் பாய்மரப் படகு வைத்திருப்பவர்கள் காம்பஸ் பொருத்த என்னைக் கூப்பிடும்போது மற்ற எல்லாமே மாட்டி முடிந்திருக்கும். ஸ்பீக்கர், ஆழம் காட்டும் கருவி, செல்போன் ஸ்டாண்டு என்று நல்ல இடங்கள் போய்விட்டிருக்கும். மிச்சமிருக்கும் மூலையைக் காட்டி, "இங்க போட்டுடுங்க சார்" என்பார்கள். கப்பலில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். இதைக் கேட்டால் எரிச்சல்தான் வருகிறது.

ஜிபிஎஸ் இருக்கிறதே என்பார்கள். இருக்கட்டும். படகு எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்று அது சொல்லும். படகின் முன்முனையான அணியம் எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறது என்று சாதாரணக் கைக்கருவி சொல்லாது. காற்றும் நீரோட்டமும் பக்கவாட்டில் தள்ளும் பாய்மரப் படகில் இரண்டும் ஒன்றல்ல. காற்று விழுந்து படகு நின்றுவிட்டால் ஜிபிஎஸ்ஸுக்குத் திசையே தெரியாது.

காம்பஸ் கிண்ணத்தில் ஒரு கோடு இருக்கும். அது படகின் அடிமரமான ஏராவுக்கு இணையாக நிற்க வேண்டும். கண்ணளவு உதவாது. அறைச் சுவரில் மாட்டும் காம்பஸ் பெரும்பாலும் நடுவை விட்டு ஒரு பக்கமாகவே அமையும். அந்தச் சுவரும் நேர்குறுக்காக நிற்கும் என்று நம்ப முடியாது. பாய்மரத்தின் நடுவிலிருந்து பின்முனையான அமரத்தின் நடுவுக்கு நூல் கட்டி, இரண்டு இடங்களில் ஒரே தூரம் அளந்து இணைகோடு போட்டுக்கொள்வேன். 3 டிகிரி கோணல் என்றால், 60 கடல் மைல் போனபின் சுமார் 3 மைல் விலகியிருப்போம். இரவில் துறைமுக வாயிலைத் தேடி அலைய அது போதும்.

அடுத்து சுவரின் மறுபக்கம். வெளியே எல்லாம் சுத்தமாக இருக்கும். உள்ளே அதே பலகைக்குப் பின்னால் காம்பஸ் ஊசியை இழுக்கும் ஸ்பீக்கரோ, சமையலுக்கான இரும்பு வாணலியோ இருக்கும். வாணலிதான் மோசம். இன்று தொங்கும், நாளை இருக்காது. நிலையாக இருக்கும் இரும்பையாவது கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். 'என் படகு ஃபைபர், இரும்பே இல்லை' என்பவர்களுக்கு ஒரு சேதி: 1801 முதல் 1803 வரை ஆஸ்திரேலியக் கரையை அளந்த மேத்யூ ஃபிளிண்டர்ஸ் போனது மரக்கப்பலில்தான். கப்பல் திரும்பும் திசைக்கேற்பக் காம்பஸ் பிழை மாறுவதைக் கவனித்து, அதற்குக் காரணம் கப்பலில் இருந்த இரும்பு என்று எழுதியவர் அவர்.

நம் பகுதிக்கென்றே ஒரு தொல்லையும் உண்டு. காந்த ஊசி மேலும் கீழும் சாயாமல் கிடைமட்டமாக நிற்கும் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டிச் செல்கிறது. 1963இல் இந்தியாவிலிருந்து முதல் ஆய்வு ராக்கெட் ஏவப்பட்ட கேரளத்தின் தும்பாவை ஏவுதளமாகத் தேர்ந்தெடுத்ததே அதனால்தான். ஐரோப்பாவில் ஊசியின் வடமுனை கீழே இழுபடும். அதற்காக எடை வைத்துச் சமன் செய்த காம்பஸை இங்கே கொண்டுவந்தால் அதன் திசைத்தட்டு மறுபக்கம் சாயும். காம்பஸையே சாய்த்து மாட்டி 'சரிசெய்த' படகுகளைப் பார்த்திருக்கிறேன்! எந்தப் பகுதிக்குச் சமன் செய்தது என்று வாங்கும்போதே கேட்க வேண்டும்.

பொருத்திய பின் கடலில் சோதிக்காமல் எவரும் கையெழுத்துப் போடக் கூடாது. காற்று அடங்கிய காலையில், கரையிலுள்ள இரண்டு குறிகளை ஒரே நேர்கோட்டில் வைத்துப் போய், அதே கோட்டில் திரும்ப வேண்டும். காந்த வடக்குக் கணக்கில் 270 இருக்க வேண்டிய இடத்தில் 274, திரும்பும்போது 90க்கு 92 என்று காட்டினால், இரண்டு பிழைகளின் சராசரி 3. அது பெரும்பாலும் பொருத்தியதில் வந்த கோணல்; கிண்ணத்தைத் திருப்பினால் போய்விடும். மிச்சமுள்ள 1 டிகிரி ஒரு திசையில் கூடி, எதிர்த்திசையில் குறைகிறது. அது இரும்பின் வேலை; அதற்குத் திருத்துகாந்தத் திருகுகள் இருக்கின்றன, பித்தளை ஸ்க்ரூடிரைவரால் தொட வேண்டியவை. இரண்டையும் குழப்பி, ஒரு திசையில் சரிசெய்து மற்றதைக் கெடுப்பவர்களே அதிகம்.

படகு கட்டுபவர்கள் காம்பஸின் இடத்தை வரைபடத்திலேயே குறிக்க வேண்டும். விற்கும்போது, எட்டுத் திசைக்குமான பிழை அட்டையை உரிமையாளர் கையில் கொடுக்க வேண்டும். இதற்கு ஒரு காலைப்பொழுதுதான் செலவு. இன்ஜினோ பேட்டரியோ மாறினால் அட்டையையும் மாற்றி எழுத வேண்டும், தேதி போட்டு. தேதியில்லாத அட்டையை நான் நம்புவதில்லை.