கார் சீட்டில் இருப்பது லெதரா, லெதர் மாதிரியா? எதையும் தடவும் முன் கண்டுபிடியுங்கள்!

பழைய கார் விளம்பரங்களில் தவறாமல் இடம்பிடிக்கும் வரி, 'லெதர் சீட் உண்டு'. சீட் கவர் கடைக்குப் போனாலும் அதே பேச்சுதான். ஆனால், நம் ஊரில் ஓடும் பல கார்களின் சீட்டில் இருப்பது தோல் அல்ல. துணியின்மேல் பிளாஸ்டிக் பூசிய ஷீட். பென்ஸின் 'எம்பி-டெக்ஸ்', பி.எம்.டபிள்யூ-வின் 'சென்ஸாடெக்' இரண்டுமே செயற்கைதான். அதில் தவறில்லை. ஆனால், தோல் விலை கொடுத்து பிளாஸ்டிக் வாங்கினால் காசு போகும். என்ன வகை என்றே தெரியாமல் கண்டதைத் தடவினால் சீட்டே போகும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் பிரௌச்சரைப் பாருங்கள். 'லெதரெட்', 'பியூ லெதர்', 'வீகன் லெதர்' என்றிருந்தால் விலங்குத் தோல் இல்லை. வெறும் 'லெதர்' என்றிருந்தாலும் கீழே உள்ள பொடி எழுத்தைப் படியுங்கள். உட்காரும், சாயும் இடத்தில் மட்டும் தோல் வைத்து, ஓரங்களிலும் சீட்டின் பின்பக்கத்திலும் வினைல் தைப்பது சகஜம்.

பிரௌச்சர் இல்லாத பழைய கார் என்றால், சீட்டுக்கு அடியில் மடித்துத் தைத்த ஓரத்தைப் பாருங்கள். வெட்டு விளிம்பு நார்நாராக இருந்தால் பெரும்பாலும் தோல். மேலே வழவழப்பு, கீழே நெய்த துணி என்றிருந்தால் ரெக்ஸின் ரகம். வாசனையை நம்பாதீர்கள், லெதர் வாசனை ஸ்பிரேயாகவே கிடைக்கிறது. மேல்பக்க வரிகளும் ஏமாற்றும். அசல் தோலிலும் அச்சு அழுத்தி ஒரே மாதிரி வரிகளை உண்டாக்குகிறார்கள். ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் தோல் ஷாப்பில் வேலை பார்க்கும் சொந்தக்காரர் இருந்தால், கார் வாங்கப் போகும்போது அவரையும் கூட்டிப் போங்கள்.

தோலிலும் ரகங்கள் உண்டு

சீட்டில் கண்ணில் படாத ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். முத்து மாதிரி நின்றால் 'பிக்மென்ட்டட்' தோல். சாயமும் பாதுகாப்புப் பூச்சும் மேலே உண்டு. பெரும்பாலான கார்களில் இதுதான். உறிஞ்சி, அந்த இடம் கறுத்தால் 'அனிலின்' தோல். தொட்டால் மிருது, விலையும் அதிகம், கறையும் சீக்கிரம் பிடிக்கும். மெல்லிய பூச்சுள்ள 'செமி அனிலின்' இரண்டுக்கும் நடுவில்.

வெல்வெட் மாதிரி இருக்கும் 'அல்கான்டாரா' தோலே இல்லை. 1970-ல் ஜப்பானின் டோரே நிறுவனத்தில் உருவான செயற்கை இழை அது.

எதற்கு என்ன பராமரிப்பு?

பிக்மென்ட்டட் தோல்: தூசியை வேக்குவம் செய்து, லெதர் கிளீனரை மைக்ரோஃபைபர் துணியில் எடுத்துத் துடைத்தால் போதும். மாதம் ஒருமுறை செய்யலாம். கண்டிஷனரைவிட சுத்தம்தான் இதற்கு முக்கியம்.

அனிலின்: தண்ணீர் கொட்டினால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். அனிலினுக்கென்றே உள்ள கிளீனரை மட்டும் பயன்படுத்துங்கள்.

லெதரெட்: மிதமான சோப்புத் தண்ணீர், பிழிந்த துணி. கண்டிஷனருக்குச் செலவழிக்க வேண்டாம்; அது உள்ளே இறங்காது. வினைலுக்கு வெயில் ஆகாது, காய்ந்து வெடிக்கும். பியூ ரகத்துக்கு ஈரப்பதம் ஆகாது, நாளடைவில் செதில் செதிலாக உரியும்.

அல்கான்டாரா: மென்மையான பிரஷ், லேசான ஈரத்துணி. பாலிஷ் கூடவே கூடாது.

சீட்டில் சின்னத் துளைகள் இருந்தால், எந்தத் திரவத்தையும் நேராக ஸ்பிரே செய்யாதீர்கள்.

இதெல்லாம் வேண்டாம்

தேங்காய் எண்ணெய் தடவினால் சீட் பளபளக்கும் என்பார்கள். பளபளப்பு இரண்டு நாள்தான். அப்புறம் அதன்மேல் தூசி அப்பும், அனிலின் என்றால் கறை நிரந்தரம். தலையணையில் நம் தலையிலிருந்து இறங்கும் எண்ணெயே பூச்சை இளக்கிவிடும். அந்த இடத்தை அடிக்கடி துடையுங்கள். சானிடைசர், தின்னர் இரண்டும் சாயத்தையே உரிக்கும். புது ஜீன்ஸின் நீலம் வெளிர்நிற சீட்டில் ஒட்டினால் அன்றைக்கே துடைத்துவிடுங்கள்.

கவர் போடுகிறீர்களா?

சீட்டின் பக்கவாட்டில் 'ஏர்பேக்' என்ற சின்ன லேபிள் இருக்கிறதா பாருங்கள். இருந்தால், அந்த இடத்தில் பிரிந்து வழிவிடும் தையல் உள்ள கவர் தவிர வேறு எதையும் மாட்டாதீர்கள். சாதாரண கவர், விபத்து நேரத்தில் ஏர்பேக் சரியாக விரிவதைத் தடுக்கலாம். அதோடு, கடைக்காரர் 'லெதர்' என்று சொன்னால், என்ன மெட்டீரியல் என்பதை பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் அடுத்த கடையைப் பாருங்கள்.