பேரேட்டைப் பார்த்துச் சரக்குக் கொடுங்கள்



கடைத்தெருவில் ஒருவர் மாரடைப்பு வந்து ஆஸ்பத்திரியில் படுத்தால், மறுநாளே ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆப்பிளும் வாங்கிக்கொண்டு நாலு பேர் போய்ப் பார்க்கிறோம். அதே மனிதர் மனநோய்க்காக ஒரு மாதம் சிகிச்சை பெற்றுத் திரும்பினால், ‘ரொக்கம் வைத்தால்தான் மூட்டை இறங்கும்’ என்ற பேச்சு எழுகிறது. இது எந்த ஊர் நியாயம்?

நாற்பது ஆண்டுகளாக மொத்த வியாபாரத்தில் இருக்கும் நாம் கண்ணால் கண்டதைச் சொல்கிறோம். பருப்பும் மிளகாயும் வாங்கும் சில்லறை வியாபாரி ஒருவர். பதினைந்து வருடப் பற்று வரவில் ஒரு தவணைகூடத் தவறாதவர். சிகிச்சை முடிந்து அவர் கடை திறந்த வாரத்திலேயே மூன்று மண்டிகளில் கடன் சரக்கை நிறுத்தினார்கள். சீட்டிலிருந்தும் பெயரை எடுத்தார்கள். ஆறு மாதத்தில் கடையை மூடிவிட்டார்.

‘புத்தி சரியில்லாதவன் கையெழுத்து செல்லுமா?’ என்று கேட்பவர்கள் சட்டத்தைப் பார்க்கட்டும். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 12ஆம் பிரிவே, பெரும்பாலும் சித்தசுவாதீனம் இல்லாதவரும் தெளிவாக இருக்கும் சமயத்தில் ஒப்பந்தம் செய்யலாம் என்கிறது. மனநோய் இருக்கிறது என்பதாலேயே ஒருவரைச் சித்தசுவாதீனம் அற்றவர் என்று கொள்ளக்கூடாது, அதை நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும் என்கிறது 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம். கோர்ட் சொல்ல வேண்டியதைக் கடைத்தெரு சொல்லலாமா?

பணம் முடங்குமே என்ற பயம் நமக்கும் உண்டு. சிலருக்கு நோய் முற்றிய நாளில் தேவைக்கு நாலு மடங்கு சரக்குக் கேட்பதும், வந்த விலைக்குத் தள்ளிவிடுவதும் நடக்கும். அப்போது வண்டியை ஏற்றி அனுப்பிவிட்டுப் பிறகு வீட்டார் கழுத்தைப் பிடிப்பது வியாபார தர்மம் ஆகாது. சரக்கை நிறுத்தி வைத்து வீட்டாருக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். குணமாகி வந்த பிறகு பழைய பேரேட்டைப் புரட்டிப் பார்த்து, முதலில் பாதித் தொகைக்குக் கொடுத்து, வரவைப் பார்த்துக் கூட்டலாம். வேறு காரணத்தால் நொடித்தவருக்கு இப்படித்தானே செய்கிறோம்?

பெயர் கெட்டால் கடை போய்விடும், பெண்ணுக்கு வரன் வராது என்று பயந்துதான் வீட்டார் நோயை மறைக்கிறார்கள், வைத்தியமும் தள்ளிப்போகிறது. ஒளித்து வைப்பதும் கட்டிப்போடுவதும் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில் பார்த்தோம். மனநோயாளிகள் தங்கியிருந்த கொட்டகை தீப்பிடித்து 28 பேர் மாண்டார்கள். பலர் சங்கிலியில் கிடந்ததால் ஓடித் தப்ப முடியவில்லை.

நம் சங்க உறுப்பினர்கள் மூன்று காரியங்கள் செய்யலாம். ஒன்று, சிகிச்சை பெற்றதைக் காரணம் காட்டி யாருடைய கணக்கையும் முடிக்காதிருப்பது. இரண்டு, கடை ஆட்களில் யாருக்கேனும் இந்த நோய் இருந்தால் வேலையை விட்டு நிறுத்தாதிருப்பது. மாத்திரையால் காலையில் அசதி இருந்தால் பத்து மணிக்கு வரட்டும், மாதம் ஒரு நாள் டாக்டரைப் பார்க்க லீவு கொடுப்போம். மூன்று, மருத்துவக் காப்பீடு எடுக்கும்போது மனநோய்க்கும் உண்டா என்று கேட்பது. உடல் நோய்க்கு உள்ளதுபோலவே இதற்கும் தர வேண்டும் என்று 2017ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லியிருக்கிறது.

வீட்டில் யாருக்கேனும் ஆலோசனை வேண்டுமானால் அரசின் டெலி மானஸ் எண் 14416, கட்டணம் இல்லை. இந்த எண்ணைக் கல்லாவுக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டி வையுங்கள்.