ஒரு வேர், இரு குழாய்

கீழ்வரிசை முன்பல்லுக்கு வேர்ச்சிகிச்சை செய்தும் வலி தீரவில்லையே எனத் திருத்துறைப்பூண்டிச் சகோதரி ஒருவர் எழுதியிருக்கிறார். இதற்குக் காரணங்கள் பல உண்டு. பலரும் அறியாத ஒன்றை மட்டும் இங்கே சொல்கிறேன்.

அந்தச் சிறு பல்லுக்கு வேர் ஒன்றுதான். ஆயினும் அதனுள் ஓடும் நரம்புக் குழாய் சிலருக்கு இரண்டாகப் பிரிந்து, வேர் நுனியை அடையுமுன் பெரும்பாலும் மறுபடி ஒன்றாகிவிடும். உங்கள் ஊர் வாய்க்கால் திட்டின் இருபுறமும் பிரிந்தோடிக் கூடுவதைப் போல. அமெரிக்கரான வெர்டூச்சி, பிடுங்கிய பற்களுக்குள் சாயம் செலுத்தி ஆராய்ந்து 1984-இல் வெளியிட்ட கணக்கில், கீழ் நடுப்பற்கள் நூற்றில் 30-இலும், அவற்றை அடுத்த பற்கள் நூற்றில் 25-இலும் இவ்விரட்டைப் பாதை இருந்தது. இது அபூர்வமா, நீங்களே சொல்லுங்கள்!

இரண்டாவது குழாய் நாக்குப் பக்கம் ஒளிந்திருக்கும். சாதாரண எக்ஸ்ரே முன்னிருந்து எடுக்கப்படுவதால் ஒன்றின் நிழல் மற்றொன்றை மறைத்துவிடுகிறது. கோணத்தைச் சற்று மாற்றி இன்னொரு படம் எடுத்தால் பல வேளைகளில் துப்புக் கிடைக்கும். அதிலும் தெளியாவிட்டால், 1990-களின் இறுதியில் பல் மருத்துவத்துக்கு வந்த கூம்புக்கதிர் சி.டி. இருக்கிறது. தலையைச் சுற்றி வந்து படமெடுக்கும் இக்கருவி, பல்லைக் குறுக்கே அரிந்து பார்ப்பதுபோல் உள்ளமைப்பைக் காட்டும். சிறு எக்ஸ்ரேயைவிட இதில் கதிரளவு கூடுதல். எல்லோருக்கும் எடுத்த எடுப்பிலேயே தேவையில்லை. கர்ப்பிணிகள் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

மறுபடி மருத்துவரிடம் செல்லும்போது பழைய எக்ஸ்ரே படத்தையும் கையோடு கொண்டு செல்லுங்கள்.