யாருடைய உடலில் எடுத்த அளவு?

எங்கள் ஒழுங்கையைச் சேர்ந்த பெண்ணொருத்தி கிளிநொச்சியில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். தைத்து முடிந்த மேற்சட்டைகளை அளவுநாடாவால் அளந்து, கொள்வனவாளர் அனுப்பிய அளவுத்தாளுடன் ஒப்பிடுவது அவளது வேலை. ஒருநாள் என்னிடம் சொன்னாள்: “தோள் சரியா வந்தா இடுப்பு இறுக்குது. இடுப்பு சரியா வந்தா தோள் தொங்குது. எங்கட உடம்பிலதான் பிழையோ அக்கா?”

அவளது கேள்வியைச் சாதாரணமாகக் கடந்துபோக என்னால் முடியவில்லை. ஏனென்றால் பெண் உடலை வகைப்படுத்தும் முறைகள் எல்லாவற்றின் பின்னாலும், யாரை அளந்தார்கள், யாரை விட்டார்கள் என்ற கதை இருக்கிறது.

1939, 1940ஆம் ஆண்டுகளில் அமெரிக்க விவசாயத் திணைக்களத்துக்காக ரூத் ஓ’பிரையன், வில்லியம் ஷெல்டன் ஆகியோர் ஏறத்தாழ 15,000 பெண்களை அளவிட்டனர். நிறையும் சேர்த்து ஒவ்வொருவரிடமும் 59 அளவுகள் எடுக்கப்பட்டன. வெள்ளையரல்லாத பெண்களும் அளக்கப்பட்டார்கள். ஆனால் அவர்களது அளவுகள் இறுதிக் கணக்கில் சேர்க்கப்படவில்லை. இந்தத் தரவை ஒட்டியே 1958இல் பெண்களின் ஆடைகளுக்கான வர்த்தக நியமம் அங்கு வெளியானது. பெண்களின் உடல்கள் அதற்குள் அடங்கவில்லை. 1983இல் அது விலக்கிக்கொள்ளப்பட்டது. இன்று ஒவ்வொரு நிறுவனமும் தனது வாடிக்கையாளரை மனதில் வைத்துத் தனக்கென ஓர் அளவை வைத்திருக்கிறது. கிளிநொச்சிப் பெண் அந்த வாடிக்கையாளர் அல்ல.

மணற்கடிகாரம், பேரிக்காய், அப்பிள், செவ்வகம், தலைகீழ் முக்கோணம் என்று பெண்களைப் பிரிக்கும் வழக்கமும் இப்படித்தான். 2005இல் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகம் 6,000இற்கும் மேற்பட்ட பெண்களை ஆராய்ந்தபோது, மணற்கடிகார வடிவம் 8 சதவீதத்தினருக்கே இருந்தது. 46 சதவீதத்தினர் செவ்வக வடிவத்தினர். ஆனாலும் அழகின் இலக்கணமாகக் காட்டப்படுவது அந்த 8 சதவீதம்தான். அமெரிக்கப் பெண்களுக்கே பொருந்தாத இலக்கணத்தை வைத்து எங்கள் பிள்ளைகள் தங்களில் பிழை தேடுகிறார்கள்.

எங்கள் மண்ணில் இன்னொரு கேள்வியும் உண்டு. காலை இழந்தவர், முதுகில் ஷெல் துண்டுடன் வாழ்பவர், காயத்தால் ஒரு தோள் தாழ்ந்தவர் எந்த வகைக்குள் வருவார்கள்? இந்த வகைப்பாடுகள் எல்லாம் உடலின் இரு பக்கமும் ஒன்றாக இருக்கும் என்றே தொடங்குகின்றன.

வேறு வழியும் இருக்கிறது என்பது எங்களுக்குத் தெரியும். மேற்கின் செயற்கைக் கால்கள் சப்பாத்து அணிந்து கதிரையில் இருப்பவர்களுக்காகச் செய்யப்பட்டவை. ஜெய்ப்பூரில் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் வைத்தியர் பி.கே. சேத்தியும் 1960களின் இறுதியில் உருவாக்கிய கால், வெறுங்காலுடன் நடப்பவரையும் நிலத்தில் குந்தியிருப்பவரையும் பார்த்துச் செய்யப்பட்டது. அந்தக் காலில்தான் எங்களில் பலர் மீண்டும் வயலில் இறங்கினார்கள்.

எங்கள் ஊர்த் தையற்காரி, காயப்பட்ட பெண் வந்தால் இரண்டு தோளையும் தனித்தனியாக அளந்து கொப்பியில் எழுதுகிறார். வாழ்வாதாரம், மறுவாழ்வு, நிவாரணம் என்று எங்களுக்காகத் திட்டம் போடுபவர்கள் அந்தக் கொப்பியை ஒருமுறை பார்க்க வேண்டும். எல்லோருக்கும் ஒரே அளவில் வெட்டிய உதவிகளும் எங்களுக்கு இறுக்கமாகத்தான் இருக்கின்றன.

அந்தப் பிள்ளைக்கு நான் சொன்ன பதில் இதுதான்: “உன்ர உடம்பில ஒரு பிழையும் இல்லை. உன்னை அவையள் அளக்கேல்லை.”